பண்டிகைக்கு மறுநாள் யார் அள்ளுவது?

சென்னையில் பண்டிகைக் காலம் விநாயகர் சதுர்த்தியில் தொடங்கிக் காணும் பொங்கலில்தான் முடிகிறது. இடையில் நவராத்திரி, ஆயுத பூஜை, தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, போகி என்று மூச்சுவிட இடமில்லாமல் அடுத்தடுத்து வந்துவிடும். குடியிருப்போர் சங்கத்தில் குப்பைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்கள் இந்த மாதங்களை வேறு கணக்கில் எண்ணுவார்கள்: எந்தப் பண்டிகைக்கு எந்த வகைக் குப்பை வரும், அது எத்தனை நாள் தரைத்தளத்தில் தேங்கும், அதற்குள் மழை வந்துவிடுமா. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய நடுத்தர அளவுள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்தப் பொறுப்பைச் சில ஆண்டுகளாகக் கவனித்துவரும் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. குப்பை அதிகமாவதை எப்படியும் சமாளித்துவிடலாம். அது அதிகமாகும் அதே நாளில் அதைப் பிரிப்பவருக்கும், விலைக்கு எடுப்பவருக்கும், ஏற்றிச் செல்பவருக்கும் பண்டிகையாக இருக்கிறதே, அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நம்முடைய ஏற்பாடுகள் எல்லாம் அவர்கள் வருவார்கள் என்ற எண்ணத்தின் மேல் நிற்பவை. அவர்கள் வராத நாளை முதலில் நாள்காட்டியில் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிட்டால் பாதி வேலை பண்டிகைக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

சாதாரண நாளின் நடைமுறை பெரும்பாலான குடியிருப்புகளில் ஒன்றுதான். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்புள்ள குடியிருப்பு வளாகங்கள் தம் குப்பையை உண்டாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும் என்றும், மக்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றும் கூறின. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்களை அவை தனி வகையாகவே பார்த்தன. அன்றாடம் 5,000 டன்னுக்கு மேல் குப்பையை அள்ள வேண்டியிருக்கும் மாநகராட்சி, பெரிய வளாகங்களிடம் இவ்வளவாவது எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஆகவே, பச்சை வாளியில் வரும் சமையலறைக் குப்பை வளாகத்தின் உரத் தொட்டிக்குப் போகும். காகிதம், அட்டை, பாட்டில் போன்றவை வாரத்துக்கு ஒருமுறை வரும் பழைய பேப்பர் கடைக்காரரிடம் போகும். எஞ்சியது மாநகராட்சியின் பேட்டரி வண்டியில் ஏறும். இவற்றுக்கு நடுவில், வீட்டுக்காரர்கள் சரியாகப் பிரிக்காமல் போட்டதைத் தம் கையால் மறுபடியும் பிரிக்கும் இரண்டு மூன்று பெண்கள் இருப்பார்கள். இந்த ஏற்பாட்டின் அச்சாணி அவர்கள்தான் என்பது ஒரு நாள் அவர்கள் வராதபோது மட்டுமே மற்றவர்களுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்துக் குடியிருப்புகளில் வேலை செய்யும் பெண்களில் பலர் கண்ணகி நகரிலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் வருகிறார்கள். நகரின் நடுவிலிருந்த தம் குடிசைப் பகுதிகளை விட்டு இங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் அவை. ஆண்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் கணிசம். இவர்களுக்கும் தீபாவளி உண்டு. ஒடிசாக்காரர்களுக்குத் துர்கா பூஜையும் காளி பூஜையும் பெரியவை. பீகார்க்காரர்களுக்குத் தீபாவளி முடிந்த ஆறாம் நாள் வரும் சத் பூஜை, நமக்குப் பொங்கல் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம். சத் பூஜைக்கு ஊருக்குப் போகிறவர் தீபாவளிக்கு முன்பே ரயிலேறிவிட்டால் பாதி மாதம் கழித்துத்தான் திரும்புவார். இதை ஒப்பந்தக்காரர் கடைசி நேரத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுவார்: "சார், தீபாவளிக்கு மறுநாள் ஆள் குறைவா இருக்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." அந்த அட்ஜஸ்ட்மென்டின் பொருள், வந்திருக்கும் ஒரே ஒரு பெண் நான்கு பேரின் வேலையைச் செய்வதுதான். மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர்களோ தீபாவளிக்கு மறுநாள் விடியும் முன்பே தெருவில் இறங்கிவிடுகிறார்கள்; ஆனால் அன்று அவர்களுக்குத் தெருவே பெரும் பாடாக இருக்கும்போது, வளாகத்துக்குள் நாம் கலந்து கட்டி வைத்திருக்கும் மூட்டைகளை அவர்கள் எதற்காகப் பிரிக்க வேண்டும்?

இதோடு மழையும் சேர்ந்துகொள்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரின் மூன்றாவது வாரத்தை ஒட்டித் தொடங்கும்; சென்னை ஆண்டு முழுவதும் பெறும் மழையில் பாதிக்கும் மேல் அடுத்த இரண்டரை மாதங்களில் கொட்டிவிடும். பிற நகரங்களின் பண்டிகைக் குப்பை பற்றிய ஆலோசனைகளை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாததற்கு இதுவே முதல் காரணம். நவராத்திரிக்கு முன்பே இணையக் கடைகளின் தள்ளுபடி விற்பனை தொடங்கிவிடுகிறது. தீபாவளி வரை ஒவ்வொரு வீட்டுக்கும் அட்டைப்பெட்டிகள் வந்துகொண்டேயிருக்கும். காய்ந்த அட்டைக்குப் பழைய பேப்பர் கடையில் நல்ல விலை உண்டு. ஆலைக்குப் போய்க் கூழாகி மறுபடியும் அட்டையாகத் திரும்பிவரும் பொருள் அது. அதே அட்டை ஓர் இரவு மழையில் நனைந்துவிட்டால் இழை தளர்ந்து, எடை மட்டும் கூடி, யாரும் தொட விரும்பாத சுமையாகிவிடுகிறது. கடைக்காரர் எடைக் கழிவு கேட்பார், அல்லது வேண்டாம் என்று சொல்லிவிடுவார். மறுசுழற்சிக்குப் போக வேண்டிய பொருள் அந்த ஓர் இரவில் குப்பைமேட்டுக்கு உரியதாகிவிடுகிறது. அதை அப்படி மாற்றுவது குடியிருப்பவர்களின் அலட்சியம் என்றுகூடச் சொல்ல முடியாது; பெரும்பாலும் கூரையில்லாத ஒரு மூலைதான் காரணம்.

எங்கள் வளாகத்தில் குப்பை அறை கட்டியவர்கள் அதை வாளி வைக்கும் அளவுக்கே கட்டினார்கள். எனவே அட்டைக்கென்று மிதிவண்டி நிறுத்துமிடத்தின் ஒரு பகுதியை மரச்சட்டங்களால் தடுத்து, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பலகை போட்டுக் கொடுத்தோம். தரையில் வைத்தால் கீழிருந்து ஈரம் ஏறும் என்பதால் அந்த ஓரடி உயரம் அவசியம். பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கி, ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையை உரித்து, வீட்டுக்காரரே கொண்டுவந்து அடுக்க வேண்டும் என்பது விதி. பட்டையை உரிப்பதில் இன்றும் முழு வெற்றி இல்லை. தட்டையாக்குவது மட்டும் எல்லோருக்கும் பழகிவிட்டது, ஏனென்றால் தட்டையாக்காத பெட்டி அந்தச் சட்டத்துக்குள் நுழையாது. மனிதர்களிடம் மன்றாடுவதைவிடப் பலகையின் அளவைச் சரியாக வைப்பது பலனளிக்கிறது என்று இதிலிருந்து நான் நம்பத் தொடங்கினேன். பழைய பேப்பர் கடைக்காரருக்கும் தீபாவளி உண்டு. அவர் கடை சில நாள்கள் மூடியிருக்கும். ஆகவே தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு அவரை ஒருமுறை வரவழைத்துப் பலகையைக் காலியாக்கிவிடுகிறோம். அப்படிச் செய்தால் பண்டிகை நாள்களில் சேர்வதற்கு இடம் இருக்கும், மழையில் நிற்கும் மூட்டையும் இருக்காது. தெர்மாகோல்தான் யாருக்கும் வேண்டாத பிள்ளை: எடையே இல்லாததால் கடைக்காரர் தொடமாட்டார், இடத்தை மட்டும் முழுங்கும். தொலைக்காட்சியோ குளிர்சாதனப் பெட்டியோ வாங்குகிறவர்கள், பொருளை இறக்கிப் பொருத்தும் ஆட்களிடமே உறையைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி முன்கூட்டியே பேசிக்கொள்வது ஒன்றே நான் கண்ட வழி. சிலர் எடுத்துப் போகிறார்கள், சிலர் மறுக்கிறார்கள்.

இனிப்புப் பெட்டிகள் தனிக் கதை. வெளியே பார்க்க அட்டை, உள்ளே நெய் இறங்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் பூச்சு, மேலே பளபளப்புக்கு இன்னொரு பூச்சு, நடுவில் முந்திரியும் பாதாமும் தனித்தனியே உட்காரப் பள்ளம் வைத்த பிளாஸ்டிக் தட்டு. பூச்சு ஒட்டிய அட்டையைக் கூழாக்கும் ஆலைகள் அதை விரும்புவதில்லை; நெய்க் கறை பட்டதைக் கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஒன்றிய அரசின் தடை 2022 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தபோது, இனிப்புப் பெட்டியின் மேல் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளும், அழைப்பிதழ் மேல் சுற்றுவதும், அலங்காரத்துக்கான தெர்மாகோலும் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்க்கப்பட்டன. சட்டத்தை எழுதியவர் யாரோ ஒரு தீபாவளியைக் கண் திறந்து பார்த்திருக்கிறார் என்று அப்போது தோன்றியது. நடைமுறையில் அந்தத் தாள் குறைந்திருக்கிறது, மறைந்துவிடவில்லை. இதில் குடியிருப்புச் சங்கத்தால் செய்யக்கூடியது, பணியாளர்களுக்கும் காவலாளிகளுக்கும் சங்கம் மொத்தமாக வாங்கும் இனிப்பை எப்படி வாங்குவது என்பதை முடிவு செய்வதுதான். நாங்கள் எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுக்கிறோம். டப்பா வீட்டுக்குப் பயன்படும். பெட்டியைவிடச் செலவு கூடத்தான் ஆகிறது, ஆனால் வாங்குகிறவர்கள் முகத்தில் அந்த வேறுபாடு தெரிகிறது.

பரிசுப் பொருள்களைப் பற்றிப் பேசும்போது கொலுவுக்குக் கொடுக்கும் ரவிக்கைத் துணியை மறக்க முடியாது. ஒரு வீட்டில் வெற்றிலை பாக்கோடு கிடைத்த துணி, தைக்கப்படாமல் பிரிக்கப்படாமல் அடுத்த வீட்டுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு தெருவுக்குப் போய், சில ஆண்டுகளில் தொடங்கிய வீட்டுக்கே திரும்பிவந்த கதையை எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இந்த நகரத்தில் எந்த விளம்பரமும் இல்லாமல் மிக நீண்ட காலமாக நடந்துவரும் மறுபயன்பாட்டுத் திட்டம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அதன் இடத்தில் இப்போது வந்திருக்கும் சிறு பிளாஸ்டிக் குங்குமச் சிமிழ்களும் குட்டிக் கூடைகளும் அப்படிச் சுற்றுவதில்லை. ஒரே வீட்டில் பத்து சேர்ந்து, போகியன்று வெளியே வருகின்றன.

மக்கும் குப்பைக்கு உண்மையான சோதனை ஆயுத பூஜைதான். தீபாவளியைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் எடையில் பார்த்தால் இதுவே எங்கள் வளாகத்தின் உச்ச நாள். வாசலுக்கு இரண்டு வாழைக்கன்று, ஒவ்வொரு வண்டிக்கும் சிறு கன்றோ மாலையோ, மாவிலைத் தோரணம், சாமந்திப் பூ கிலோ கணக்கில், சக்கரத்துக்கு அடியில் நசுங்கிய எலுமிச்சை, திருஷ்டி சுற்றி வாயிலில் உடைத்த வெண்பூசணி. பூசணியை நடுச்சாலையில் உடைப்பதால் இருசக்கர வண்டிக்காரர்கள் வழுக்கி விழுவதைத் தவிர்க்கும்படி காவல்துறை ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. வளாகத்துக்குள் ஒரு பெரிய தகரத் தட்டில் உடைத்தால் சாலையும் காப்பாற்றப்படும், குங்குமம் தோய்ந்த துண்டுகளையும் பொறுக்க வேண்டியதில்லை. உள்ளே போட்ட நாணயத்தைப் பொறுக்கக் குழந்தைகளுக்கும் அதுவே வசதி. சிக்கல் பூமாலையில் இருக்கிறது. முன்பு மாலையை வாழை நாரில் கட்டினார்கள்; இப்போது பெரும்பாலும் நைலான் நூல், இடையிடையே பிளாஸ்டிக் சரிகை. பூ ஒரு வாரத்தில் மக்கிவிடும், நூல் மக்காது. அரைக்கும் இயந்திரம் வைத்திருக்கும் குடியிருப்புகளில் அந்த நூல் கத்தியைச் சுற்றிக்கொண்டு இயந்திரத்தையே நிறுத்திவிடும். வாழைத்தண்டும் அப்படித்தான், நீளவாக்கில் பிளந்து சிறு துண்டுகளாக வெட்டாவிட்டால் அதன் நார் உள்ளே திரிந்து கயிறாகிவிடும்.

ஆகவே ஆயுத பூஜைக்கு அடுத்த நாளான விஜயதசமி காலையில், மாலையைக் கழற்றும் வீட்டுக்காரரே பூவை உதிர்த்து ஒரு சாக்கிலும் நூலை மற்றொரு சாக்கிலும் போடும்படி வாயிலருகே இரண்டு சாக்குகளை மாட்டிவைக்கிறோம். பெரியவர்கள் இதை மகிழ்ச்சியோடு செய்கிறார்கள். சாமிக்குப் போட்ட பூவைக் குப்பையில் எறிவதில் அவர்களுக்கு எப்போதும் ஒரு தயக்கம் இருந்தது, இது அந்தத் தயக்கத்துக்கும் ஒரு வழி. விநாயகர் சதுர்த்தியின் எருக்கம்பூ மாலையும் அறுகம்புல்லும் இதே வழியில் போகின்றன. களிமண் பிள்ளையாரைப் பலர் வாளித் தண்ணீரில் கரைத்து அந்த மண்ணைத் தொட்டிச் செடிக்கு ஊற்றிவிடுகிறார்கள். சாயம் பூசிய சிலை வாங்கியவர்களுக்கு மட்டும் அந்த வசதி இல்லை.

இவ்வளவு பச்சைக் குப்பை ஒரே நாளில் உரத் தொட்டிக்குள் போவதில் ஓர் ஆபத்து உண்டு. உரம் நன்றாக ஆக வேண்டுமென்றால் கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறத்தாழ முப்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். ஈரம் பாதிக்குச் சற்று மேல் இருந்தால் போதும். பூவிலும் சமையலறைக் கழிவிலும் ஈரமும் தழைச்சத்தும் மிகுதி. மழைக்காலத்தின் ஈரமும் சேர்ந்துகொள்ளும்போது தொட்டிக்குள் காற்று புகாமல் போய், அழுகிய நாற்றமும் புழுவும் வரும். பிறகு இரண்டாம் மாடிக்காரர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதத் தொடங்கிவிடுவார். இதற்கு மருந்து காய்ந்த பொருள், அதுவும் மழைக்கு முன்பே சேர்த்து வைத்த காய்ந்த பொருள். பங்குனி சித்திரையில் எங்கள் வளாகத்து வாதாம் மரமும் புங்கையும் உதிர்க்கும் சருகை எரிக்கவோ வெளியேற்றவோ விடாமல் சாக்குகளில் கட்டி, மாடிப்படிக்குக் கீழே அடுக்கிவிடுகிறோம். புரட்டாசி பிறந்தபின் அதன் மதிப்பு தெரியும். போதாதபோது தென்னை நார்த்தூள் வாங்குகிறோம். பண்டிகைக் குப்பைக்கான தயாரிப்பு கோடையிலேயே தொடங்கிவிடுகிறது என்று நான் சொன்னால் புதிதாகச் சங்கத்துக்கு வருகிறவர்கள் நம்புவதில்லை. பொங்கலுக்கு நிலைமை தலைகீழாகும்: கரும்புச் சக்கையும் தோகையும் கரிமம் மிகுந்தவை, தழைச்சத்து மிகக் குறைந்தவை, அவற்றை மட்டும் போட்டால் மாதக் கணக்கில் அப்படியே கிடக்கும். துண்டாக்கிக் காயவைத்து அடுத்த மாதங்களின் சமையலறைக் கழிவோடு கலந்தால் நார்த்தூள் வாங்கும் செலவு மிச்சம். மஞ்சள் கொத்தின் இலைகள் எந்தத் தொல்லையும் கொடுப்பதில்லை.

தீபாவளிக் குப்பையில் கண்டிப்பு வேண்டியது பட்டாசுக் காகிதத்தில். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பட்டாசு வெடிக்க நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தபின், தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7 மணி வரையும் இரவு 7 முதல் 8 மணி வரையும் என்று பிரிக்கப்பட்டது. பேரியம் உப்புகளுக்குத் தடை, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி என்பவையும் அதோடு வந்தவை. எவ்வளவு பின்பற்றப்படுகிறது என்பது வேறு விவாதம். குப்பைக் கண்ணோட்டத்தில் முக்கியமானது, அந்தச் சிவந்த காகிதத் துகளில் கந்தகமும் நைட்ரேட்டும் அலுமினியத் தூளும் எஞ்சியிருக்கும் என்பதே. அதை உரத் தொட்டியில் போட முடியாது, பேப்பர் கடைக்குக் கொடுக்க முடியாது, எரிக்கவே கூடாது. வெடிக்காத சில உருண்டைகள் அதற்குள் ஒளிந்திருக்கும். மாநகராட்சி பட்டாசுக் குப்பையைத் தனியாகச் சேகரித்துக் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரமான கழிவுகளுக்கான நிலையத்துக்கு அனுப்புகிறது. அந்த ஏற்பாட்டுக்கு நம்மால் ஆன உதவி, வேறு எதனோடும் கலக்காமல் தனிச் சாக்கில் கொடுப்பது. கலந்துவிட்டால் அது சாதாரணக் குப்பையாகிப் பெருங்குடிக் குப்பைமேட்டுக்கோ கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கோ போய்விடும்.

எங்கள் வளாகத்தில் வெடிப்பதற்கென்று பின்பக்கத்துச் சிமென்ட் தளம் ஒன்றையே ஒதுக்கியிருக்கிறோம். மண் தரையிலும் புல்லிலும் சிதறிய காகிதத்தைப் பெருக்கி எடுக்க முடியாது, மழை பெய்தால் அது மண்ணோடு குழைந்துவிடும். சிமென்ட் தளத்தில் ஒரு துடைப்பம் போதும். கம்பி மத்தாப்பின் எரிந்த கம்பியைப் போடத் தண்ணீர் வாளியும், சங்குசக்கரம், புஸ்வாணக் கூடுகளைப் போட மணல் நிரப்பிய தகர டின்னும் வைக்கிறோம். சூடு ஆறாத கம்பியைக் குழந்தைகள் மிதிப்பதும், மறுநாள் அது வண்டிச் சக்கரத்தில் ஏறுவதும் இதனால் நின்றது. இவற்றையெல்லாம்விட முக்கியமான விதி, வெடித்தவர்களே அன்றிரவே பெருக்குவது. இரவு வெடி முடிந்ததும் துடைப்பங்களும் சாக்குகளும் தளத்தின் ஓரத்தில் தயாராக இருக்கும். முதலில் முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள், "அதற்குத்தானே மாதா மாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம்?" என்று ஒருவர் கேட்டார். மறுநாள் காலையில் வரும் அக்காவுக்கும் அது தீபாவளிக்கு மறுநாள்தானே என்று இன்னொருவர் பதில் சொன்னார். இப்போது பிள்ளைகள் யார் அதிகம் பெருக்குவது என்று போட்டி போடும் அளவுக்கு அது வந்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத குப்பை ஒன்றும் உண்டு: எண்ணெய். முறுக்கும் அதிரசமும் சுட்டு மிஞ்சிய எண்ணெயைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றுகிறவர்களுக்கு அது போன இடம் தெரிவதில்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உள்ள வளாகத்தில் அது நேராக அங்கேதான் போகிறது. நீரின் மேல் படலமாகப் படர்ந்து, கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குக் காற்று கிடைக்காமல் செய்கிறது, குழாய்களில் உறைந்து அடைக்கிறது. போதாக்குறைக்குத் தீபாவளி விடியற்காலையில் வீடு முழுவதும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிறது. நிலையத்தை இயக்குபவர் அன்றைக்கு முந்தைய நாளே எண்ணெய் பிடிக்கும் தொட்டியைச் சுத்தம் செய்துவிடும்படி பார்த்துக்கொள்கிறோம். கங்கா ஸ்நானத்தை யாரும் குறைக்கப் போவதில்லை. பலகார எண்ணெயையாவது ஒரு பழைய கேனில் சேர்த்துவைக்கலாம். பயன்படுத்திய சமையல் எண்ணெயை வாங்கி உயிரி டீசலாக மாற்றும் முயற்சியை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தொடங்கியது. அது முதன்மையாக உணவகங்களுக்கானது என்றாலும், பல வீடுகளின் எண்ணெய் ஒரே கேனில் சேர்ந்தால் வாங்க ஆள் கிடைக்கிறார்கள்.

வளாகக் கொண்டாட்டங்களின் தட்டும் தம்ளரும் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. சங்கம் ஒருமுறை எவர்சில்வர் தட்டுகளும் தம்ளர்களும் வாங்கி வைத்துவிட்டால், நவராத்திரிச் சுண்டல் முதல் புத்தாண்டு இரவு வரை அவையே போதும். கழுவுவதற்கு ஆள் வைக்கும் செலவு, காகிதத் தட்டு வாங்கும் செலவைவிடக் குறைவு. பாக்குமட்டைத் தட்டு நல்லதுதான் என்றாலும் முழுசாகப் போட்டால் உரத் தொட்டியில் எளிதில் மக்குவதில்லை, உடைத்துப் போட வேண்டும். கிறிஸ்துமஸ் குப்பையும் எங்களிடம் அதிகமில்லை. காகித நட்சத்திரங்களையும் குடிலையும் பெரும்பாலோர் பத்திரமாக எடுத்துவைத்து அடுத்த ஆண்டும் கட்டுகிறார்கள். எரியாமல் போன சீரியல் விளக்குச் சரங்கள் மட்டும் மின்னணுக் கழிவுப் பெட்டிக்கு வருகின்றன.

எல்லாவற்றுக்கும் கடைசியில் போகி. வீட்டுக்கு வெள்ளையடித்து, கிழிந்த பாயையும் தேய்ந்த துடைப்பத்தையும் முறத்தையும் கொளுத்தி, பிள்ளைகள் சிறு மேளம் கொட்டிய காலத்தில் எரிந்தவை கோரையும் ஓலையும் மூங்கிலும். இன்று வீட்டில் கழிவது பாலியஸ்டர் திரைச்சீலை, ரெக்சின், ஃபோம் மெத்தை, பிளாஸ்டிக் பாய். மார்கழி முடிவின் பனியோடு இவற்றின் புகை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2018ஆம் ஆண்டுப் போகி காட்டியது. அன்று காலை சென்னை விமான நிலையத்தில் எதிரே எதுவும் தெரியாமல் விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஆண்டுதோறும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வேண்டுகோள் விடுக்கிறது, மாநகராட்சி போகிக்கு முன்பே பழைய துணி, டயர், பிளாஸ்டிக் பொருள்களைத் தனியாகப் பெற்றுக்கொள்கிறது. எரிப்பதை நிறுத்துவது எளிதான பாதி. எரியாத பொருள் எங்கே போகிறது என்பது மற்றப் பாதி. எங்கள் பக்கத்துப் பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியது. அந்தச் சதுப்புநிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அதே 2022ஆம் ஆண்டின் ஏப்ரல் இறுதியில் குப்பைமேடு தீப்பிடித்துப் பல நாள்கள் புகைந்தது. நாங்கள் சன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வீட்டு வாசலில் கொளுத்தாத மெத்தை அங்கே போய் எரிந்தால் யாருக்கு என்ன லாபம்?

ஆகவே போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பொது மண்டபத்தில் நீளமான மேசைகளைப் போட்டு, இன்னும் பயன்படக்கூடியவற்றை அங்கே வைக்கச் சொல்கிறோம். முதல் பாதி நாள் பணியாளர்களுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும், பிறகுதான் குடியிருப்பவர்களுக்கு. இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், ஏனென்றால் கடைசியில் மிஞ்சியதை அவர்களுக்குத் தருவது கொடை ஆகாது. துவைக்காத துணியை மேசையில் வைக்க அனுமதி இல்லை. மெத்தை, உடைந்த சோபா போன்ற பெரிய பொருள்களுக்கு மாநகராட்சியின் ஏற்பாட்டையே நம்புகிறோம். இவற்றைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து எடுத்துச் செல்லும் திட்டத்தை மாநகராட்சி 2025 அக்டோபரில் தொடங்கியது. பெயிண்ட் டின்களில் ஒட்டியிருப்பதைக் காயவிட்டு, வேதிக் கழிவுக்கான தனிப் பெட்டியில் வைக்கிறோம். சடங்கை விட மனமில்லாத மூத்தவர்களுக்காக, ஒரு மண்சட்டியில் சில வறட்டியும் ஓலைத் துண்டும் போட்டு வாயிலில் கொளுத்துவதை யாரும் தடுப்பதில்லை. பிள்ளைகள் அதைச் சுற்றி மேளம் கொட்டுகிறார்கள். மேளம் வாங்கிய காசு வீணாகக் கூடாதல்லவா.

இனி மீதமிருப்பது பணம். பண்டிகை நாளில் பணியாளருக்குச் சம்பளத்தோடு விடுப்பு, அன்று விருப்பத்தோடு வருகிறவருக்கு இரட்டிப்புக் கூலி, அந்த வாரங்களுக்கென்று தடித்த கையுறையும் மழைக்கோட்டும் என்று மூன்று செலவுகளைப் பராமரிப்புக் கணக்கில் தனித் தலைப்பாக எழுத வேண்டும் என்று பொதுக்குழுவில் கேட்டோம். இதெல்லாம் ஒப்பந்தக்காரரின் பொறுப்பு, சங்கம் ஏன் கொடுக்க வேண்டும் என்ற வாதம் வலுவாகவே வந்தது. அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் மிகக் குறைந்த தொகை கேட்டவருக்கு ஒப்பந்தத்தைக் கொடுத்துவிட்டு, அவர் விடுப்புச் சம்பளம் கொடுப்பார் என்று நாமே எதிர்பார்ப்பது எந்தக் கணக்கில் சேரும் என்று ஒரு மூதாட்டி கேட்டபின் கூட்டம் சற்று அமைதியானது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பண்டிகை விடுப்புப் பட்டியலை அதன் இணைப்பாகச் சேர்ப்பதென்றும், அதற்கான கூடுதல் தொகையைச் சங்கமே ஏற்பதென்றும் முடிவாயிற்று. தீபாவளி, பொங்கல், ஆயுத பூஜை, கிறிஸ்துமஸ், ரம்ஜான் ஆகியவற்றில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சத் பூஜைக்கு நான்கு நாள் விடுப்பு கொடுப்பதா, அந்த நாள்களில் உரத் தொட்டியைக் கிளறும் வேலையைத் தளத்துக்கு ஒரு வீடாக நாமே முறை வைத்துச் செய்வதா என்பதில்தான் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. முறை வைப்பதற்கு இதுவரை மூன்று தளங்கள் பெயர் கொடுத்திருக்கின்றன.